காற்றைப் பங்குபோடும் பயிற்சி

நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்குக் குழுவாகத் தயாராகிறவர்கள் முதலில் பழகுவது, முன்னால் போகும் சைக்கிளின் பின்சக்கரத்தை ஒட்டிப் போவதைத்தான். கால்களுக்கு வலு சேர்க்கத் தனியாக ஓட்டினாலே போதும். காற்றைப் பங்குபோட்டுக்கொள்ளத்தான் துணை வேண்டும்.

சமதளச் சாலையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிட்டால், சைக்கிளை எதிர்க்கும் தடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு காற்றினுடையது. அந்தத் தடையை வெல்லத் தேவைப்படும் திறன், வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. 20 கி.மீ. வேகத்திலிருந்து 30-க்குப் போனால், காற்றுக்கென்று செலவாகும் திறன் மட்டும் 3.4 மடங்காகிவிடும்.

தேர்த் திருவிழாக் கூட்டத்துக்குள் நடப்பதை நினைத்துப் பார்க்கலாம். முதலில் போகிறவர் தோளால் இடித்து வழி உண்டாக்குகிறார். அவர் முதுகை ஒட்டி வருபவருக்கு வழி திறந்தே கிடைக்கிறது. சற்றுத் தள்ளி வந்தால் கூட்டம் மூடிக்கொள்ளும். காற்றும் இப்படித்தான். ஓட்டுபவரின் நெஞ்சில் காற்று மோதி அழுத்தம் கூடுகிறது. முதுகுக்குப் பின்னால் சுழல்கள் நிறைந்த தாழ்வழுத்தப் பகுதி உண்டாகிறது. தடையின் பெரும்பகுதி இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது. பின்னால் வருபவர் அந்தப் பகுதிக்குள் நுழைந்தால், அவர்மீது படுவது ஏற்கெனவே வேகம் இழந்த காற்று. சைக்கிள்காரர்கள் இதை டிராஃப்டிங் என்பார்கள்.

கூட்டத்தில் ஒருவர் பின்னால் ஒட்டி வந்தால், முன்னால் போகிறவரின் சட்டையைப் பிடித்து இழுக்க யாருக்கும் இடமில்லை. அதேபோல் பின்னவர் தாழ்வழுத்தப் பகுதியை நிரப்புவதால் முன்னவருக்கும் இழுவை குறைகிறது. மிக நெருங்கிப் போனால் இந்த லாபம் 2 முதல் 3 சதவீதம். கூட்டம் பக்கவாட்டில் நெருக்கினாலோ நேர் பின்னால் நடப்பவருக்கு மறைப்பில்லை. பக்கக்காற்றில் பந்தய வீரர்கள் சாலைக்குக் குறுக்கே சாய்வு வரிசை அமைப்பது இதனால்தான். போக்குவரத்து உள்ள சாலையில் அதற்கு இடமில்லை.

குழுவில் ஓட்டினால் 40 சதவீத உழைப்பு மிச்சம் என்று சொல்லப்படுவதை அப்படியே நம்பக் கூடாது. 1990-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆக்சிஜன் செலவு 39 சதவீதம் குறைந்தது, 40 கி.மீ. வேகத்தில் எட்டுப் பேருக்குப் பின்னால் ஓட்டியவருக்கு. 32 கி.மீ. வேகத்தில் ஒருவர் பின்னால் ஓட்டியவருக்குக் குறைந்தது 18 சதவீதமே. செங்குத்தான ஏற்றத்தில் எதிரி புவியீர்ப்பு. அங்கே மறைப்பால் பயன் சொற்பம். எதிர்காற்று வீசும் நாளிலோ மெதுவாகப் போகும் குழுவுக்கும் லாபம் உண்டு.

இத்தகைய நெடுந்தூர ஓட்டங்களின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கி.மீ. பந்தயம் 1891-இல் தொடங்கியது. சார்ல் டெரான் 71 மணி 22 நிமிடத்தில் வென்றார். இன்று அது பந்தயமல்ல. 90 மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். அதற்குத் தகுதி பெற 200, 300, 400, 600 கி.மீ. ஓட்டங்களை முறையே 13.5, 20, 27, 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இத்தகைய ஓட்டங்கள் சென்னை, கோவையிலும் நடக்கின்றன.

இந்தத் தூரப் படிகளே பயிற்சித் திட்டமாகவும் அமைகின்றன. குழுவாக ஓட்டும்போது தொடக்கத்தில் ஒரு சைக்கிள் நீள இடைவெளி விட்டு ஓட்டி, பழகப் பழக நெருங்க வேண்டும். முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தன் முன்சக்கரம் நுழையக் கூடாது. உரசினால் விழுபவர் பெரும்பாலும் பின்னவர்தான். முன்னால் இருப்பவர் பள்ளத்தைக் கையால் காட்ட வேண்டும், திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது. தலைவரிசையில் தோன்றும் சிறு தயக்கம், ஒவ்வொருவரும் சற்றுத் தாமதித்து எதிர்வினை காட்டுவதால், கடைசி ஆளிடம் பெரிய தடுமாற்றமாகப் போய்ச் சேரும். பிறகு அவர் இடைவெளியை நிரப்ப விரைந்து மிதித்து, மிச்சம் பிடித்ததை இழக்கிறார். எப்போதும் நடுவிலேயே ஒதுங்கி ஓட்டுபவரின் கால்கள் போதிய அளவு உழைப்பதில்லை. அவருக்கு வாரம் ஒருமுறையாவது தனி ஓட்டம் தேவை.

முன்னால் ஓட்டும் வேலையை மாறி மாறிப் பகிர்ந்துகொள்ளும்போது, தன் முறைக்கு முன்னால் போகிறவர் அதே வேகத்தைக் காக்க வேண்டும். முடித்தவர் பக்கத்தில் ஒதுங்கி, வேகம் குறைத்து, வரிசையின் கடைசியில் சேர வேண்டும். வலுவுள்ளவர் வேகத்தைக் கூட்டினால் மூன்றாம் அடுக்குக் கணக்கு பலவீனமானவரை உடனே உதிர்த்துவிடும். ஆகவே அவர் கூட்ட வேண்டியது முன்னால் இருக்கும் நேரத்தை.