பரணில் குடியேறிய அணில்! குட்டி சாகாமல் வெளியேற்றுவது எப்படி?

பெங்களூரு அல்சூர் ஏரிக்கு அருகே ஒரு பழைய ஓட்டு வீடு. முன்பக்கம் வீட்டுக்காரர் இருக்கிறார். பின்பக்கம் ஒரு தமிழ்க் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. குடும்பத் தலைவர் ஒரு தனியார் கம்பெனியில் குமாஸ்தா.

ஒரு நாள் மாலை தெரு முழுவதும் விளக்கு எரிய, இவர்கள் பகுதி மட்டும் இருண்டுவிட்டது. எலக்ட்ரீஷியன் வந்து பரணில் ஏறிப் பார்த்தார்.

"சார், ஒயரை எதுவோ கடிச்சிருக்கு. செம்பு வெளியே தெரியுது. பக்கத்துலயே பஞ்சு கெடக்கு. தீப்பிடிக்காம தப்பிச்சீங்க" என்றார்.

அது பரணில் கட்டிப் போட்டிருந்த பழைய தலையணையின் பஞ்சு. அதோடு தேங்காய் நார், கோணிச் சணல், கிழிந்த புடவையின் நூல், மூன்று வருட வாடகை ரசீதுகளின் துணுக்குகள். எல்லாம் சேர்ந்து தேங்காய் அளவில் ஒரு பந்து. அதற்குள் கண் திறக்காத மூன்று அணில் குட்டிகள்!

விஷயம் வீட்டுக்காரர் காதுக்குப் போயிற்று. அவர் கன்னடக்காரர். நன்றாகத் தமிழ் பேசுவார்.

"ஞாயித்துக்கிழமை மேஸ்திரியை வரச் சொல்றேன். ஓட்டையை சிமெண்ட் வச்சு மூடிட்டா அளிலு தொந்தரவு தீந்துது" என்றார். கன்னடத்தில் அணிலுக்கு அளிலு என்று பெயர்.

குமாஸ்தாவின் தாயார் ஒப்பவில்லை. "பச்சைக் குஞ்சை உள்ளே வச்சுப் பூசறதா? அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்டா தம்பி" என்று மகனிடம் சொல்லிவிட்டார்.

வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரரையும் பகைத்துக் கொள்ள முடியாது. தாயார் சொல்லையும் தட்ட முடியாது.

அவசரப்பட்டு அடைத்தால்...

பாவ புண்ணியம் ஒருபுறம் இருக்கட்டும். அவசரமாக ஓட்டையை அடைப்பது வீட்டுக்கே கெடுதல். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் அப்படித்தான் அடைத்தார்கள். தாய் அணில் இரண்டு நாள் வென்டிலேட்டரைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. மூன்றாம் நாள் அது பக்கத்து ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே போக வழி தேடியது. உள்ளே குட்டிகள் செத்து, ஒரு வாரம் வீட்டில் சாப்பிட முடியாத நாற்றம். கடைசியில் பூசிய சிமெண்டை அவர்களே உடைத்தார்கள். கூலி இரண்டு தடவை!

எலிப் பாஷாணம் வைப்பதும் இதே கதைதான். தின்ற அணில் எட்டாத மூலையில் போய்ச் சாகும். அதைத் தின்னும் பூனைக்கும் காகத்துக்கும் ஆபத்து. பசை தடவிய அட்டை அதைவிடக் கொடுமை. ஒட்டிக்கொண்ட பிராணி பசியிலும் பயத்திலும் அணு அணுவாகச் சாகிறது. பிராணிகளை வதைப்பது 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்கக்கூடாது.

சிலர் கூண்டு வைத்துப் பிடித்துத் தொலைவில் உள்ள பூங்காவில் கொண்டுபோய் விடுகிறார்கள். இரக்கமான காரியம் போலத்தான் தெரிகிறது. ஆனால் பிடிபட்டது தாயாக இருந்தால் குட்டிகள் பரணில் பட்டினி கிடந்து சாகும். தாயும் முன்பின் தெரியாத இடத்தில், இரை இருக்கும் இடமும் ஒளியும் இடமும் தெரியாமல் திண்டாடும். ஓட்டை திறந்தே இருப்பதால் வேறொரு அணில் அங்கே குடிவரும்.

எலியா, அணிலா?

முதலில் வந்திருப்பது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பகலில் பரணில் ஓடும் சத்தம் கேட்டால் பெரும்பாலும் அணில். இரவு விளக்கை அணைத்த பிறகு கேட்டால் எலி. அணில் பகலில் திரிந்து இருட்டியதும் கூட்டில் அடங்கிவிடும்.

தென்னாட்டில் நாம் பார்ப்பது முதுகில் மூன்று கோடு உள்ள அணில். டெல்லிப் பக்கம் வேலைக்குப் போனவர்கள் ஐந்து கோடு உள்ளதைப் பார்த்திருப்பார்கள். ராமர் அங்கே ஐந்து விரலாலும் தடவினாரோ என்னவோ! கோடு எத்தனையானாலும் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்த்தாக வேண்டும். ஒயரையும் ரப்பர் குழாயையும் கடிப்பது அதனால்தான். பரணில் அணில் இருந்தால் கேஸ் அடுப்பின் குழாயையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நமது அணில் பெரும்பாலும் இரண்டு மூன்று குட்டி போடும். அவை பால்குடி மறந்து தாமாக வெளியேற ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். ஒயர், பஞ்சு போன்ற ஆபத்து இல்லாத இடமாக இருந்தால் அதுவரை பொறுத்திருப்பதே சுலபமான வழி. குட்டி இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால் ஓட்டையில் செய்தித்தாளைத் தளர்வாகச் சுருட்டி வைத்துப் பார்க்கலாம். இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் அடித்தும் தாள் அசையாமல் இருந்தால் போக்குவரத்து இல்லை என்று அர்த்தம். அதன் பிறகும் டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டே அடைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது

அல்சூர் வீட்டில் இரண்டு மாதம் காத்திருக்க வழியில்லை. ஒயர் விவகாரம் ஆயிற்றே! பரணுக்குப் போகும் மின்சாரத்தை எலக்ட்ரீஷியன் அன்றே துண்டித்துவிட்டார். வீட்டுக்காரரிடம் கெஞ்சி, மேஸ்திரி வரும் நேரத்தைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்றினார்கள்.

ஞாயிறு காலை எட்டு மணி. மழை இல்லை. தாய் அணில் இரை தேட வெளியே போயிருந்தது. குமாஸ்தா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கூட்டைக் கலைக்காமல் அப்படியே எடுத்து ஓர் அட்டைப் பெட்டியில் வைத்தார். பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு அங்குல ஓட்டை. தாய் நுழையலாம், காகம் நுழைய முடியாது. பெட்டியை வென்டிலேட்டருக்கு வெளியே, அணில் வழக்கமாக வரும் தடத்திலேயே, நிழலான இடத்தில் கட்டினார்கள். வென்டிலேட்டரைப் பலகையால் மறைத்தார்கள். பிறகு எல்லோரும் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். ஆள் நடமாட்டம் இருந்தால் தாய் கிட்டே வராது.

மனிதக் கை பட்டால் தாய் குட்டியைச் சேர்க்காது என்று ஊரில் சொல்வார்கள். அதில் உண்மை இல்லை. ஒன்பதரை மணிக்கு வந்த தாய் பெட்டியைச் சுற்றி வந்து கத்தியது. உள்ளே போயிற்று. வெளியே வந்தது. மறுபடி போயிற்று. ஜன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த தாயார், "எடுத்துட்டுப் போடி அம்மா, எடுத்துட்டுப் போ" என்று முணுமுணுத்தார். பத்தே காலுக்கு முதல் குட்டியை வாயில் கவ்வியபடி கேபிள் ஒயர் மேல் ஓடி எதிர்ப்புறத்து மரத்தில் ஏறியது. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதுக்கு மட்டும் பகல் ஒரு மணி வரை வரவில்லை. வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஒன்றரைக்கு வந்து அதையும் தூக்கிக்கொண்டு போயிற்று.

இருட்டுவதற்குள் தாய் வராவிட்டால் குட்டியைத் துணியில் சுற்றிக் கதகதப்பாக வைத்து, விவரம் தெரிந்தவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். பெங்களூரில் கெங்கேரிப் பக்கம் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் அமைப்பின் வனவிலங்கு மீட்பு மையம் இருக்கிறது. பசும்பால் மட்டும் ஊற்றக்கூடாது. குட்டிக்கு அது ஒத்துக்கொள்ளாது. அணில் கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மறுபடி வராமல் இருக்க

மாலையில் மேஸ்திரி வந்தார். ஓட்டு இடுக்குகளைச் சிமெண்டால் பூசினார். வென்டிலேட்டருக்கு இரும்புக் கம்பி வலை அடித்தார். வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. கோழிக் கூண்டு வலை உதவாது. பிளாஸ்டிக் கொசு வலையையும் துணி அடைப்பையும் அணில் ஒரே காலையில் கடித்துவிடும். எக்ஸாஸ்ட் மின்விசிறி ஓட்டை, ஏ.சி. குழாய் நுழையும் துளை, மீட்டர் பெட்டியின் பின்புறம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

கூரைக்கு மேல் நீளும் கிளை இருந்தால் ஐந்தாறு அடி இடைவெளி வருமாறு கழிக்கலாம். ஆனால் கர்நாடகத்தில் 1976-ம் ஆண்டு முதல் மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தெரு மரத்தில் அரிவாளை வைக்குமுன் மாநகராட்சியிடம் சொல்ல வேண்டும். பரணில் பஞ்சு, சணல், காகிதம் எதையும் திறந்து போடக்கூடாது. தகர டிரங்குப் பெட்டியில் வைத்து மூட வேண்டும்.

மறுநாள் காலை வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அளிலு ஹோய்த்தா?" என்று கேட்டார்.

"ஹோய்த்து சார்" என்றார் குமாஸ்தா.

கம்பி வலைக்கும் மேஸ்திரி கூலிக்கும் ஆளுக்குப் பாதி கொடுப்பது என்று முடிவாயிற்று. அணில் கடித்துத் தின்ற மூன்று வருட வாடகை ரசீதுகளுக்குப் பதில் ரசீது எழுதிக் கொடுக்கத்தான் வீட்டுக்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை.