வாயில்லாச் சீவன்களும் ஊரார் கடமையும்

கண்டி மாநகரிலிருந்து தலாத்துஓயாவை நோக்கிச் செல்லும் மலைப்பாதையில், சில கிலோமீட்டர் தூரத்தில் அமைந்திருப்பது அம்பிட்டிய. கத்தோலிக்கக் குருமடத்தினால் பெயர் பெற்ற ஊர் இது. வளைந்து ஏறும் இத்தகைய மலைப்பாதைகளில் நாயும் பூனையும் வாகனத்தில் அடிபட்டுக் கிடப்பது அரிய காட்சியன்று. கண் திறவாத குட்டிகளைப் பெட்டியிலிட்டுச் சந்தையருகிலும் கோயில் வாசலிலும் விட்டுச் செல்லும் வழக்கமும் நாடெங்கும் உண்டு. இவற்றை எடுத்துப் பேணும் நல்லோர் ஒவ்வோர் ஊரிலும் சிலர் உளர். பேணுவோர் சிலராகவும் கைவிடுவோர் பலராகவும் இருப்பதே இங்கு ஆராயத்தக்க சிக்கலாகும்.

பிராணிகளுக்கு வைத்தியம் செய்தல் மேல்நாட்டாரிடமிருந்து நாம் கற்றுக்கொண்ட புதுமையன்று. மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்யப்பட்டதை அசோக மன்னர் தம் இரண்டாம் பாறைச் சாசனத்தில் பொறித்தார். அதில் சோழர், பாண்டியர் நாடுகளும் தாமிரபரணி எனப்பட்ட இலங்கையும் குறிக்கப்பெற்றுள்ளன. கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் ஆண்ட புத்ததாச மன்னன் நோயுற்ற பாம்பொன்றுக்கும் சிகிச்சை செய்தான் என்றும், யானைகளுக்கும் குதிரைகளுக்கும் வைத்தியர்களை நியமித்தான் என்றும் சூளவம்சம் கூறுகிறது. ஆகவே இப்பணி இம்மண்ணுக்கு உரிய பணியே.

எனினும், இது இரக்கத்தோடு மட்டும் முடிவதன்று. மனித உயிரும் இதில் அடங்கியுள்ளது. விசர்நாய்க்கடியால் உண்டாகும் நீர்வெறுப்பு நோய், அறிகுறிகள் தோன்றியபின் ஏறத்தாழ எப்போதும் மரணத்திலேயே முடிகிறது. 1973-ஆம் ஆண்டில் இலங்கையில் 300-க்கு மேற்பட்டோர் இந்நோய்க்குப் பலியாயினர். 1975-இல் தொடங்கிய நாடளாவிய தடுப்புத் திட்டத்தின் பயனாக, அண்மை ஆண்டுகளில் அத்தொகை 50-க்கும் கீழே இறங்கியுள்ளது. ஆயினும், தடுக்கக்கூடிய நோயால் ஒரு குழந்தை இறப்பதும் பெருங்குறையே அன்றோ!

நாயோ பூனையோ கடித்தால் செய்யவேண்டியவை எளியவை. காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவுதல் வேண்டும். கோப்பித் தூள், சுண்ணாம்பு முதலியவற்றை அப்புதல் கூடாது. காலந்தாழ்த்தாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். அங்கு தடுப்பூசி இலவசமாகவே கிடைக்கிறது. கடித்த பிராணியை உடனே கொன்றுவிடுவது தவறு. அதைப் பத்திரமாகக் கட்டிவைத்து 10 நாட்கள் கவனித்தால், அதற்கு நோயுண்டா இல்லையா என்பது தெரியவரும். சிறு கீறல்தானே என்று குழந்தைகள் மறைப்பதுண்டு. மறைத்தால் தண்டனை, சொன்னால் தண்டனையில்லை என்பதை வீட்டிலும் பள்ளியிலும் அவர்களுக்கு உணர்த்தி வைத்தல் நலம்.

தெருநாய்களை எல்லாம் பிடித்து ஒழித்துவிட்டால் தொல்லை தீராதோ என்று கேட்போர் உண்டு. நெடுங்காலம் அம்முறையே கையாளப்பட்டது. ஆயினும் தெருக்களில் நாய்கள் குறையவில்லை. உணவுக் கழிவு கிடைக்கும் இடத்துக்கு வேறு நாய்கள் வந்து சேரும். ஒரு பெண் நாய் ஆண்டுக்கு இருமுறை ஈனக் கூடியது. கருவுற்று ஏறத்தாழ 63 நாட்களில் குட்டிகளைத் தருவது. 2006-ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் நாய்களைக் கொல்லாக் கொள்கையை மேற்கொண்டது. அதன்பின் கருத்தடைச் சத்திர சிகிச்சையும் தடுப்பூசியும் முதலிடம் பெற்றன. ஒரு பிரதேசத்து நாய்களில் 100-க்கு 70 தடுப்பூசி பெற்றிருந்தால், நோய் அவற்றிடையே பரவுவது தடைப்படும் என்பது நிபுணர் கண்ட முடிவு. ஊசியேற்றிய நாய் தன் தெருவிலேயே வாழ்ந்தால், அது அத்தெருவாருக்கு ஒரு காவலாகவே அமைகிறது.

கண்டியில் இப்பணியை மேற்கொண்ட தொண்டு நிறுவனத்தின் பெயரே பொருள் பொதிந்தது. விலங்கு நலத்தின் வாயிலாகச் சமூகத்தைக் காக்கும் கண்டிச் சங்கம் என்பது அப்பெயரின் கருத்து. நாயைக் காத்தல் வேறு, ஊரைக் காத்தல் வேறு அல்ல என்பதை அப்பெயர் தெளிவாக்குகிறது.

இனி, வீட்டார் கடமை யாது? வளர்ப்பு நாய்க்கும் பூனைக்கும் ஆண்டுதோறும் விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றி, அதற்குரிய அட்டையைப் பேணி வைத்தல் முதற்கடமை. கழுத்துப் பட்டியில் வீட்டுத் தொடர்பு இலக்கத்தைப் பொறித்தல் அடுத்தது. சித்திரைப் புத்தாண்டிலும் தீபாவளியிலும் வெடியோசைக்கு அஞ்சி ஓடிய நாய்கள் பல, வீடு திரும்பாமல் தெருநாய்களாகின்றன. அந்நாட்களில் அவற்றை உள்ளறையில் வைத்தல் வேண்டும். மலைநாட்டில் சிறுத்தை இரவில் நாயைக் கவர்ந்து செல்வதுண்டாதலின், வெளி முற்றத்தில் கட்டி வைத்தல் தகாது. மனிதர் உண்ணும் பரசிற்றமோல் மாத்திரை பூனைக்கு நஞ்சாகும். சொக்கலேற் நாய்க்குத் தீங்கு விளைக்கும்.

அடிபட்ட பிராணி, பழகியவரையும் வலியினால் கடிக்கக்கூடும். ஆதலால் வெறுங்கையால் தூக்காமல், தடித்த துணியால் போர்த்தி, சாக்கையோ பலகையையோ தூக்குப்படுக்கையாகக் கொண்டு, மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லல் வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியபோதனா வைத்தியசாலை கண்டிப் பகுதியார்க்கு அண்மையில் இருப்பது ஒரு வாய்ப்பு.

இறுதியாக, மீட்புப் பணி செய்வோர்க்கு ஊரார் ஆற்றக்கூடிய துணையைக் கருதுவோம். இரக்கமுள்ள ஒருவர் வீட்டு வாசலில் இரவோடிரவாகக் குட்டிகளை விட்டுச் செல்வது துணையன்று. அது தம் சுமையைப் பிறர் தலையில் ஏற்றுவதாகும். எத்தனை பெரிய காப்பகமும் ஒருநாள் நிறைந்தே தீரும். தம் பெண் நாய்க்குக் கருத்தடை செய்விப்பவரே காப்பகத்துக்குப் பேருதவி செய்தவராவார். பணம் கொடுக்க இயலாதோர் பழந்துணியும் செய்தித்தாளும் அரிசியும் கொடுக்கலாம். வாகனம் உடையோர் நோயுற்ற பிராணியை வைத்தியரிடம் ஏற்றிச் செல்லலாம். இடமுள்ளோர் ஒரு குட்டியைச் சில வாரங்கள் வளர்த்து, தக்க வீடு கிடைத்ததும் ஒப்படைக்கலாம். தடுப்பூசி முகாம் நடைபெறும் நாளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிந்து, அயலாருக்கு அறிவிப்பது மாணவரும் செய்யத்தக்க தொண்டு. ஒரு தெருவார் ஒன்றுகூடித் தங்கள் தெருவிலுள்ள நாய்களை எண்ணி, ஊசியேற்றாதவற்றைக் குறித்துக் கொள்வார்களாயின், அப்பணியில் பாதி முடிந்ததாகும். மீதியைச் செய்ய வைத்தியர் இருக்கிறார்.