மறதி என்று விட்டுவிடாதீர்கள்!

"ஏங்கண்ணு, எனக்கு இன்னும் சோறு போடலையே?"

சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயுமுன்பே அத்தை இப்படிக் கேட்பார். சோமனூரில் எங்கள் வீட்டுத் தறிக்கு முப்பது வருடம் தார் சுற்றியவர், ஒரு நாள் தார்க்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதென்னது?" என்று விழித்தார். 'வேண்டுமென்றே படுத்துகிறார்' என்று நானும் சிடுசிடுத்ததுண்டு, சகோதரிகளே!

இது டிமென்ஷியா என்னும் மறதி நோய் என்றார் டாக்டர். நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இது இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிடுகிறது. தைராய்டு கோளாறு, பி12 வைட்டமின் குறைவு இவற்றாலும் மறதி வரலாம். அது மருந்தில் சரியாகும். ஆகவே, முதலில் பரிசோதனை அவசியம்.

கேரளத்தில் 1992-ல் டாக்டர் ஜேக்கப் ராய் அல்சைமர் சங்கம் தொடங்கினார். 2014-ல் அரசும் அந்தச் சங்கமும் கைகோத்து, பகல் பராமரிப்பு, காப்பகம், பயிற்சி என ஒரே திட்டமாக்கின. இங்கே 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. வருகிறவர்கள் மறதியையும் விசாரித்து, வழி காட்டினால் எத்தனை குடும்பங்கள் பிழைக்கும்!

இப்போதெல்லாம் நான் அத்தையிடம் வாதாடுவதில்லை. "இதோ ஆச்சுங்க அத்தை" என்று ஒரு டம்ளர் மோர் கொடுக்கிறேன். வீட்டுக்குள் என்னால் ஆனது இது. மற்றதை எல்லோரும் சேர்ந்து கேட்போமா?