கூடையில் போட்டது எங்கே போகிறது?

அமேசானில் ஒரு புத்தகத்தைப் பார்த்துக் கூடையில் சேர்க்கிறீர்கள். அதைக் குறித்துக்கொள்ள வேண்டிய சர்வர் அந்த நொடியில் படுத்துவிட்டால்? ‘பிறகு முயலுங்கள்’ என்று சொன்னால் வந்தவர் வேறு கடைக்குப் போய்விடுவார். 2004 ஆண்டிறுதி விற்பனையின் உச்சத்தில் அமேசானின் சேவை சில முறை முடங்கியது. விலைக்கு வாங்கிய தரவுத்தளங்களை அவற்றின் எல்லைக்கு மேல் இழுத்ததும் அதற்குக் காரணம் என்று அந்நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் வோகல்ஸ் பின்னர் எழுதினார்.

அவை ‘ரிலேஷனல்’ வகைத் தரவுத்தளங்கள். ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் 1970-ல் வகுத்துக் கொடுத்த வழி அது. வாடிக்கையாளர் விவரம் ஓர் அட்டவணையில், ஆர்டர் இன்னோர் அட்டவணையில் இருக்கும். தேவைப்படும்போது இரண்டையும் இணைத்துக் கேள்வி கேட்கலாம். வங்கிக் கணக்குக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இன்றைக்கும் இல்லை. தரவு ஒரு கணினிக்குள் அடங்காமல் பெருகும்போதுதான் தொல்லை. நூறு சர்வர்களில் சிதறிய அட்டவணைகளை இணைப்பதற்குள் நேரம் போய்விடும்.

அமேசான் பொறியாளர்கள் தங்கள் பயன்பாட்டை அலசிப் பார்த்தார்கள். சுமார் 70 சதவீத வேலைகளில் இணைப்பே இல்லை. ஓர் அடையாள எண்ணைக் கொடுத்து ஒரே ஒரு வரிசையை எடுப்பதோடு சரி. அதற்கு எதற்கு இவ்வளவு பெரிய இயந்திரம்?

இப்படிப் பிறந்த டைனமோ என்ற சேமிப்பு அமைப்பைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2007-ல் வெளியானது. டைனமோவில் அட்டவணை இல்லை. ஒரு சாவி, அதற்குரிய தகவல், அவ்வளவுதான். ஒவ்வொரு தகவலுக்கும் பெரும்பாலும் மூன்று சர்வர்களில் நகல் உண்டு. இரண்டு சர்வர்கள் ‘பதிந்தாயிற்று’ என்றால் போதும், வேலை முடிந்தது. ஒன்று பழுதானால் வேறொரு சர்வர் தகவலை வாங்கி வைத்திருந்து, பழுது நீங்கியதும் ஒப்படைக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒரே கூடைக்கு இரண்டு வடிவங்கள் உருவாகலாம். அப்போது டைனமோ இரண்டையும் கூடையைக் கவனிக்கும் நிரலிடம் கொடுத்துவிடும்; அந்த நிரல்தான் அவற்றை ஒன்றாகச் சேர்க்கும். சேர்த்த பொருள் எதுவும் தொலையாது. ஆனால் நீக்கிய பொருள் திரும்பவும் தலைகாட்டக்கூடும். வியாபாரிக்குச் சாதகமான பிழை என்று சிரிக்கத் தோன்றுகிறது. உண்மையில் இது அபூர்வம்: ஒரு நாள் முழுக்கக் கவனித்ததில் 99.94 சதவீதக் கோரிக்கைகளுக்கு ஒரே வடிவம்தான் கிடைத்தது.

சேமிப்பது இப்படி. அலசுவது? கூகுளின் பிக்டேபிள் என்ற தரவுச் சேமிப்பு அமைப்பு அதற்கு நல்ல உதாரணம். 2006-ல் வெளியான அதன் ஆய்வுக் கட்டுரையின்படி, கூகுள் அனலிட்டிக்ஸின் மூலப் பதிவுகள் மட்டும் சுமார் 200 டெராபைட். ஒவ்வொரு வரிசைக்கும் இணையதளத்தின் பெயரையும் வருகை நேரத்தையும் சேர்த்துப் பெயர் சூட்டினார்கள். பிக்டேபிள் வரிசைகளைப் பெயர் வாரியாக அடுக்கி வைப்பதால், ஒரே தளத்தின் வருகைகள் கால வரிசையில் அடுத்தடுத்து அமைந்துவிடும். குறித்த இடைவெளிகளில், வேலையைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் மேப்ரெட்யூஸ் நிரல்கள் அவற்றைப் படித்து, சுமார் 20 டெராபைட் சுருக்க அட்டவணையைத் தயாரித்தன. இதில் கவனிக்க வேண்டியது: என்ன கேள்வி கேட்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துதான் பெயர் வைக்கிறார்கள். நினைத்த நேரத்தில் நினைத்த கேள்வியைக் கேட்கும் சுதந்திரம் பறிபோகிறது.

இத்தகைய தரவுத்தளங்களுக்கு ‘நோ எஸ்க்யூஎல்’ என்ற பெயர் 2009-ல் பரவியபோது அட்டவணைகளின் காலம் முடிந்தது என்றார்கள். முடியவில்லை. பல சர்வர்களில் பரந்திருந்தாலும் கணக்குப் பிசகாத ஸ்பேனர் என்ற தரவுத்தளத்தைக் கூகுளே 2012-ல் அறிமுகப்படுத்தியது. ஆவண வடிவில் தரவை வைக்கும் மாங்கோடிபியும், பல ஆவணங்களைப் பிசகின்றி ஒரே மூச்சில் திருத்தும் வசதியை 2018-ல் சேர்த்துக்கொண்டது.

புதிதாகச் செயலி தொடங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் சில லட்சம் வரிசைகள், போஸ்ட்கிரெஸ் என்ற ரிலேஷனல் தரவுத்தளம் ஓடும் ஒரே ஒரு சர்வரில் தாராளமாக அடங்கும். அது திணறும்போது மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.