பச்சை குத்தலாமா?

"பச்சை குத்துவது பாவமா?" என்று நம் பங்கு இளையோர் கேட்கிறார்கள். லேவியர் 19:28 அதைத் தடைசெய்கிறது, உண்மைதான். ஆனால் இறந்தோருக்காக உடலைக் கீறிக்கொள்ளும் வழக்கத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்ட பழைய சட்டம் அது. திருச்சபை அதைப் பொதுத் தடையாகக் கற்பிப்பதில்லை. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் தலைமுறைகளாக மணிக்கட்டில் சிலுவை குத்திக்கொள்கிறார்கள். 2018 மார்ச்சில் இளையோரைச் சந்தித்த திருத்தந்தை பிரான்சிஸ், பச்சை குத்துவதைக் கண்டு அஞ்ச வேண்டாம், அளவு மீறுவதே சிக்கல் என்றார்.

நமக்குக் கவலை தருவது அவசரம்தான். திருமண நாளில் வலக்கைகளை இணைத்து வாக்குக் கொடுக்கும்போது, முன்பு குத்திய வேறொருவர் பெயர் அந்தக் கையில் இருந்தால்? மை தோலின் உள்ளடுக்கில் தங்கிவிடுகிறது. லேசர் மூலம் அகற்ற, வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பலமுறை போக வேண்டும், தழும்பும் மிஞ்சலாம். விசுவாசத்தைக் காட்டத்தான் குத்துகிறோம் என்பாரும் உண்டு. திருமுழுக்கின் அழியாத முத்திரை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே!

ஆசைப்பட்ட படத்தைத் தாளில் வரைந்து, மேசைக்கு எதிரே ஒட்டி, ஓராண்டு தினமும் பாருங்கள். அதன் பிறகும் வேண்டுமென்றால் பெற்றோரிடம் பேசிவிட்டு, ஒவ்வொருவருக்கும் புதிய ஊசி பயன்படுத்தும் இடத்துக்குப் போங்கள்.