கற்பிக்கச் சென்று கற்றுக்கொண்டவர்



1552ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆம் திகதி, சீனப் பெருநிலத்துள் நுழைய வழியின்றிக் காத்திருந்த புனித பிரான்சிஸ் சவேரியார், அதன் கரையோரத்துச் சாங்சுவான் தீவில் உயிர்நீத்தார். அதற்கு இரண்டு மாதங்கள் முன்னதாக, ஒக்டோபர் 6ஆம் திகதி, இத்தாலியின் மச்செராத்தா நகரில் ஒரு குழந்தை பிறந்திருந்தது. சவேரியாருக்குத் திறவாத வாயிலினூடே பின்னாளில் உட்சென்ற இயேசு சபைத் துறவி மத்தேயோ ரிச்சி அடிகளாரே அக்குழந்தை.

1582இல் மக்காவோவை அடைந்த அடிகளார் முதலில் செய்த பணி யாது என்று நினைக்கின்றீர்கள்? போதிக்கவில்லை, மாணவராக அமர்ந்து சீன மொழியைக் கற்றார். மறுஆண்டு ருஜியேரி அடிகளாருடன் சாவ்சிங் நகரில் குடியேறினார். தொடக்கத்தில் பௌத்த துறவிகளைப் போல் உடுத்தினார். அந்நாட்டுக் கற்றோர் அத்துறவிகளைப் பெரிதும் மதிப்பதில்லை என உணர்ந்ததும், 1595இல் கன்பூசிய அறிஞர்களின் அங்கியை அணிந்தார். அவ்வாண்டே நட்பைப் பற்றிச் சீன மொழியில் ஒரு நூல் எழுதினார்.

1601 ஜனவரியில் பீஜிங் நகருள் நுழைந்த அவர், வன்லி பேரரசருக்கு மணிக்கூடுகளைக் காணிக்கையாக்கினார். பேரரசரை அவர் ஒருநாளும் நேரிற் கண்டதில்லை. ஆயினும் அந்நகரில் தங்க அனுமதி கிடைத்தது. 1602இல் சீன எழுத்தில் பெரியதோர் உலகப்படத்தை வெளியிட்டார். 1603இல் பவுல் என்னும் பெயருடன் ஞானஸ்நானம் பெற்ற அறிஞர் சூ குவாங்சியுடன் இணைந்து, யூக்கிளிட்டின் கேத்திரகணித நூலில் முதல் ஆறு பாகங்களை மொழிபெயர்த்து 1607இல் அச்சேற்றினார்.

கொடுத்தது மட்டுமா? பெற்றதும் உண்டு. 1610 மே 11ஆம் திகதி அடிகளார் இறந்தபின், சீனம் பற்றிய அவரது குறிப்புகள் 1615இல் லத்தீன் மொழியில் வெளிவந்தன. கன்பூசியசின் சிந்தனைகளும் 1687இல் பாரிஸ் நகரில் லத்தீன் நூலாயின. ஐரோப்பா வியந்து வாசித்தது.

எனினும் ஒரு கேள்வி பெரும் பிணக்காக வளர்ந்தது. சீனர் தம் முன்னோருக்குச் செய்யும் வணக்கம் வழிபாடா, நன்றிக்கடனா? அது பெற்றோரைப் போற்றும் மரபே என்றார் ரிச்சி அடிகளார். பின்வந்தோரிற் பலர் மறுத்தனர். 1704இல் உரோமை அச்சடங்குகளைக் கிறிஸ்தவர்களுக்குத் தடைசெய்தது. 1742இல் தடை உறுதியாயிற்று. 1692இல் திருமறைக்கு அனுமதியளித்த காங்சி பேரரசரே, 1721இல் அதைப் போதிக்கலாகாது என ஆணையிட்டார். 1939இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் காலத்திலேயே திருச்சபை அத்தடையைத் தளர்த்தியது. இடையில் எத்தனை குடும்பங்கள் விசுவாசத்துக்கும் பெற்றோர் பாசத்துக்கும் நடுவே தவித்திருக்கும்!

அன்பானவர்களே, அயலவரின் துக்க வீட்டு வாசலில் நிற்கையில், அங்கு ஏற்றிய விளக்கின் பொருளை அறியாமலே நாம் தீர்ப்பிட்டதில்லையா? யாவருக்கும் யாவுமானதாகக் கூறிய பவுலடிகளாரின் வழியில் நடந்தவர் ரிச்சி அடிகளார். 2022 டிசெம்பர் 17ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக ஏற்றார். நற்செய்தியை அவர் சிறிதும் குறைத்துக்கொள்ளவில்லை, தம்மையே தாழ்த்திக்கொண்டார். இவ்வாரம் அயல்வீட்டார் ஒருவரிடம், அவர் போற்றுவது எதனை, ஏன் என்று அன்போடு கேட்டறிவோம். கேட்கும் செவியை ஆண்டவர் நமக்கு அருள்வாராக!