போடி ரயிலுக்கு எத்தனை மார்க்?

2010ஆம் ஆண்டின் கடைசி நாளோடு மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். அகலப்பாதை போடத்தானே என்று ஊரும் பொறுத்துக்கொண்டது. அடுத்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ முடித்து வெளியே வந்த பிறகுதான், 2023 ஜூன் 15இல், போடிக்கு ரயில் திரும்பியது. 90 கிலோமீட்டர், பன்னிரண்டரை ஆண்டு.

1928இல் இந்தப் பாதையைத் திறந்தபோது கணக்கு எளிது. மலைச்சரக்கு இறங்கி மதுரைக்குப் போகிறதா, இல்லையா? இரண்டாம் உலகப்போரில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஐம்பதுகளில் மறுபடி போட்டார்கள்.

இன்று கணக்குப் பார்க்கவே தனி ஏற்பாடு உண்டு. 150 கோடி ரூபாயும் அதற்கு மேலும் பிடிக்கும் மத்தியத் திட்டங்களைப் புள்ளியியல், திட்ட அமலாக்க அமைச்சகம் கண்காணிக்கிறது. 2015 முதல் பிரதமரே உட்கார்ந்து கேட்கும் ‘பிரகதி’ கூட்டமும் நடக்கிறது. எத்தனை மாதத் தாமதம், எவ்வளவு கூடுதல் செலவு என்று வரிசையாகத் தெரிந்துவிடும். சரி, கண்காணித்தவருக்கு யார் மார்க் போடுவது? போடிப் பாதைக்குப் பல பட்ஜெட்டுகளில் கிள்ளித்தான் கொடுத்தார்கள். காசில்லாமல் நின்ற வேலையை மாதாமாதம் ‘தாமதம்’ என்று எழுதிவைப்பதால் ஒரு ஜல்லிகூட நகராது. பணம் வந்த பிறகு வேலை ஓடியது: 2020இல் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று சோதனை ஓட்டம், 2022 மே மாதம் தேனி வரை பயணிகள் ரயில். மதுரை–தேனி 75 கிலோமீட்டருக்கு மட்டும் 500 கோடிக்கு மேல் ஆயிற்று.

விடியுமுன் போடியில் பார்த்தால் ஜீப்புகள் நிற்கும். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, தோளோடு தோள் இடித்து, ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் ஏறுவார்கள். போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தம்பாறை. அந்த மலைக்கு ரயில் ஏறாது, அதை யாரும் கேட்கவுமில்லை. அவர்களுக்கு ரயில் தேவைப்படுவது வேறு நாளில், உடம்புக்கு முடியாத அன்று.

2023இல் விட்ட தினசரி ரயிலோ காலையில் மதுரையிலிருந்து போடிக்கு வந்தது, மாலை ஆறு மணிவாக்கில் திரும்பிப் போனது. சென்னை ரயில் வாரம் மூன்று நாள், அதுவும் இரவில். திட்டம் ‘முடிந்தது’ என்று ஏட்டில் ஏறிவிட்டது. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் காலையில் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டியவர் அன்றும் பஸ் ஸ்டாண்டில்தான் நின்றார்.